பேணுதல் என்றல்லவா நினைத்தோம்!



சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு அரை மணி நேரம் முன்பே ஹவுளடியில் ஒரு பிள்ளை அமர்ந்து ஒளுச் செய்துகொண்டிருக்கிறான். பாங்கு சொல்லியாயிற்று. முன் சுன்னத்துத் தொழுதாயிற்று. இகாமத்தும் சொல்லியாயிற்று. அவன் இன்னும் எழுந்தபாடில்லை. இடக்கையை முழங்கை வரை கழுவுகிறான்; நிறுத்துகிறான்; எதையோ எண்ணிப் பார்க்கிறான்; மீண்டும் முதலிலிருந்து வாய் கொப்பளிக்கத் தொடங்குகிறான். ஜமாஅத் முடிந்து நாங்கள் வெளியே வரும்போதும் அவன் அங்கேயேதான் இருக்கிறான்.

இந்தக் காட்சியை நீங்கள் கண்டால் என்ன சொல்வீர்கள்? நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். "பதினான்கு வயதில் இவனுக்கு எவ்வளவு பேணுதல், பாருங்கள்!" என்று மற்ற மாணவர்களுக்கு அவனை முன்மாதிரியாக எடுத்துக் காட்டினேன். குர்ஆனில் ஏழு ஜுஸ்உக்களை மனனம் செய்து முடித்திருந்த பிள்ளை அவன். அடக்கமானவன். வாப்பா சபர் போயிருந்ததால் உம்மாவுக்கு ஒத்தாசையாகக் கடைகண்ணிக்கும் போய்வருபவன். அவனைப் பாராட்டாமல் வேறு யாரைப் பாராட்டுவது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஊரையும் பேரையும் மறைத்தே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையும் அவனுடைய பெற்றோரும் மனமொப்பிச் சம்மதித்த பின்னரே எழுதுகிறேன். "எங்களைப் போல இன்னொருத்தர் ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம், ஹஜரத்" என்று அந்தத் தாய் சொன்னதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நான் பாராட்டிய பின் வந்த மாதங்களில் அவனுடைய நிலை மாறிக்கொண்டே போயிற்று. அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து வெடித்து, இரத்தம் கசிந்தது. தொழுகைக்கு நின்றால் தக்பீரை ஐந்து முறை, பத்து முறை கட்டினான்; நிய்யத்துச் சரியாக அமையவில்லையாம். பாடத்தில் ஒரே பக்கத்தில் நான்கு நாட்கள் நின்றான்; ஓர் எழுத்தின் உச்சரிப்புப் பிழையாகி, அதனால் பொருள் மாறி, அதனால் தான் பெரும் பாவியாகிவிட்டோமோ என்று அஞ்சினான் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நன்றாக ஓதிக்கொண்டிருந்த பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்பதுதான்!

பாராட்டிய அதே நாவால் கண்டித்தேன். "இது ஷைத்தானின் ஊசலாட்டம். அவூது ஓதிவிட்டு எழுந்து வா. உன் ஈமானில்தான் குறை இருக்கிறது" என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். தன் ஈமானைப் பற்றிய அச்சத்தில் இரவெல்லாம் உறங்காமல் கிடந்த ஒரு பிள்ளையிடம், உன் ஈமானில் குறை என்று அவனுடைய ஆசிரியரே சொன்னால், அவன் எங்கே போவான்? சிந்தித்துப் பாருங்கள். நான் அன்று சிந்திக்கவில்லை.

வஸ்வாஸும் நோயும்

வஸ்வாஸ் என்ற சொல் நமக்குப் புதிதன்று. மனத்தில் எழும் ஊசலாட்டம் அது. எல்லாருக்கும் எழும். கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்போம். பார்த்ததும் மனம் அடங்கிவிடும். அடங்காதபோதுதான் அது நோய். மருத்துவர்கள் அதனை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள், ஓ.ஸி.டி. என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். சிறுவயதிலும் பதின்பருவத்திலும் தலைகாட்டும் நோய்களுள் இதுவும் ஒன்று.

அதன் போக்கு இப்படி. வேண்டாத ஓர் எண்ணம் அழையாமல் வந்து நிற்கிறது. அதனால் பேரச்சம் உண்டாகிறது. அச்சத்தைத் தணிக்கப் பிள்ளை கழுவுகிறான். கழுவியதும் சிறிது நிம்மதி கிடைக்கிறது. 'கழுவியதால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் வலுவாக வருகிறது. இன்னும் நெடுநேரம் கழுவ வேண்டியிருக்கிறது. செக்கு மாட்டைப் போல அதே வட்டம்தான்! எந்தப் பொருளை ஒருவர் உயிராக மதிக்கிறாரோ அதையே இந்நோய் பற்றிக்கொள்கிறது. பச்சைக் குழந்தையின் தாய்க்குக் குழந்தைக்குத் தன் கையாலேயே தீங்கு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம். படிக்கும் பிள்ளைக்கு விடைத்தாளில் பதிவெண்ணைப் பிழையாக எழுதினோமோ என்ற அச்சம். தொழுகையை நேசிக்கும் பிள்ளைக்கு நஜீஸ் பட்டுவிட்டதோ என்ற அச்சம். கோயிலுக்குச் செல்லும் குடும்பத்திலும் மாதா கோயிலுக்குச் செல்லும் குடும்பத்திலும் இதே நோய் வேறு உடை உடுத்து வருகிறது. ஆகவே இது ஈமானின் உயர்வையும் காட்டுவதில்லை, தாழ்வையும் காட்டுவதில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களா? நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். அபூ ஸைத் அல் பல்கி என்ற பெயரை நிலநூல் வல்லுநர் என்ற அளவில் அப்போதே படித்திருக்கிறேன். கி.பி. 934இல் மறைந்த அப்பேரறிஞர், உடல் நலமும் உள்ள நலமும் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பதும், உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும் என்று விளக்கி, விடாமல் வருத்தும் ஊசலாட்டங்களுக்கென்றே அதில் தனி இயல் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார் என்பதும் இந்தப் பிள்ளையின் பொருட்டுத் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பல்கு நகரத்தார் ஒருவர் நோய் என்று கண்டதை, நான் சோம்பல் என்று கண்டேன்!

தகடும் தாயத்தும்

அந்தத் தாய் ஒருநாள் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜரத், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. வீட்டிலும் தண்ணித் தொட்டியைக் காலி பண்ணிடுறான். சோறு கொடுத்தா, உம்மா கை கழுவுனீங்களா, கழுவுனீங்களான்னு பத்துத் தடவை கேக்குறான்" என்று அழுதார். நான் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தேன். அதில் தவறில்லை, இன்றும் கேட்பவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன். அத்துடன் நிறுத்திக்கொண்டதுதான் தவறு. "மருத்துவரிடமும் காட்டுங்கள், தங்கச்சி" என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு உறவினர் சொல்லி ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். பிள்ளையின் உடம்பில் ஜின் இறங்கியிருக்கிறது என்றார் அவர். தகடு, எலுமிச்சம்பழம், நாற்பது நாள் என்று கணக்குச் சொன்னார். வாப்பா அனுப்பிய பணம் கரைந்தது. அதைவிடப் பெரிய இழப்பு என்னவென்றால், தன் உடம்புக்குள் வேறொன்று குடியிருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கியதுதான். கழுவுவதற்கு அவனுக்குப் புதிய காரணம் ஒன்று கிடைத்துவிட்டது.

ஜின் என்ற படைப்பு உண்டென்பதை நாம் நம்புகிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஜின்னையா தேடுகிறோம்? ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, அதனைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அந்த வழியில் தலைக்கு ஒரு சட்டம், வயிற்றுக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியின்றி 28 பேர் மாண்டுபோனார்கள். அப்போது நான் கல்லூரி மாணவன். செய்தித்தாளைப் பார்த்துவிட்டு அன்று விடுதியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. ஸியாரத்துப் பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளை இங்கே பேச நான் வரவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருவோருக்கு அரசு மனநல மருத்துவக் குழுவினர் மருந்து கொடுக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. துஆவும் இருக்கட்டும், தவாவும் இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. இரண்டையும் சேர்த்து வைக்க 28 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அந்த இரவு

நாற்பது நாள் முடிவதற்குள் ஓர் இரவு இஷாவுக்குப் பின் தாய் ஓடி வந்தார். பிள்ளை தன் தங்கையிடம், "நான் இல்லாமல் போய்விட்டால் உம்மாவுக்குத் தொல்லை இருக்காது" என்று சொன்னானாம்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பள்ளிவாசல் சுவரில் சுகாதாரத் துறையினர் ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டியில் 14416 என்ற எண்ணைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி மனநல உதவி அது. இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நம் மாநிலத்தில் நடைபெறுகிறது. மதரஸா ஆசிரியன் ஒருவன் இப்படிப்பட்ட எண்ணுக்குப் பேசுவதா என்ற வெட்கம் எனக்கு இருந்தது. மறைப்பானேன்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினேன்.

எடுத்தவர் ஓர் இளம்பெண். நிதானமாகக் கேட்டார். பிள்ளை இப்போது தனியாக இருக்கிறானா? இதற்கு முன் எப்போதாவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டானா? உறங்கி எத்தனை நாளாயிற்று? பிறகு, "அவனிடம் நேராகவே கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்" என்றார். நான் திடுக்கிட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா? ஆகாது என்றார். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பிள்ளைக்குச் சுமை இறங்கும் என்றார். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடவேண்டாம், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்திவிடுங்கள், விடிந்ததும் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்று வழியும் சொன்னார்.

நான் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஆமாம் ஹஜரத். ஆனால் அது ஹராமாச்சே, அதனாலும் பயமா இருக்கு" என்றான். அவனுடைய தலையைத் தடவிக்கொண்டு விடியும்வரை அவன் வீட்டுத் திண்ணையில் இருந்தேன்.

மருத்துவமனையில்

முதல் நாள் போனபோது மருத்துவர் முகாமுக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். எங்கள் அவசரத்தைச் சொல்லி, குழந்தைகள் பிரிவு மருத்துவரைப் பார்த்து, அன்றைக்குப் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி ஒருநாள் ஏமாந்து திரும்பியதோடு விட்டுவிட்டவர்கள் பலர். தயவு செய்து இரண்டாம் நாளும் போங்கள். எந்தக் கிழமையில் எந்த மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து போவது நல்லது. 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

1996இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று நம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவு நடக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் அக்குழுவினர் வருகிறார்கள். மருந்து இலவசம். நம்மவர்களில் பலர் இதனை அறியாமலே நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அல்லது எங்குமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

பலருக்குக் குழப்பமாக இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதி அவருக்கே உண்டு. உளவியலாளர் மருந்து தருவதில்லை; பேச்சாலும் பயிற்சியாலும் பண்டுவம் செய்பவர். ஆற்றுப்படுத்துநர் என்று பலகை மாட்டிக்கொள்வோரில் முறையாகப் படித்தவரும் உண்டு, சில நாள் பயிற்சியோடு வந்தவரும் உண்டு. என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கென்றே சிறப்புப் படிப்பு முடித்த மருத்துவர்கள் நாட்டில் மிகக் குறைவு. ஆனாலும் பொது மனநல மருத்துவரிடம் தொடங்கலாம். தேவையென்று அவர் கருதினால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்துக்கோ பெங்களூர் நிம்ஹான்ஸுக்கோ அனுப்புவார். அவ்விரண்டிலும் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சென்னையைச் சுற்றியுள்ளோருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794இல் தோன்றிய நிறுவனம் அது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமே, அதற்காக நாம் வெட்கப்பட வேண்டும்.

மறுநாள் மருத்துவர் வந்தார். தாயிடம் தனியாகப் பேசினார். பிள்ளையிடம் தனியாகப் பேசினார். என்னையும் அழைத்துப் பேசினார். பிள்ளையிடம் ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று தாய் சற்று முகம் சுளித்தார். அதற்கு நியாயம் உண்டு, வாசகர்களே. பெற்றோர் முன்னிலையில் ஒரு பிள்ளை சொல்லத் துணியாத செய்திகள் இருக்கலாம். யாரேனும் அப்பிள்ளையிடம் முறைகேடாக நடந்திருக்கவும் கூடும். அது பள்ளி விடுதியானாலும் சரி, மதரஸா விடுதியானாலும் சரி, உறவினர் வீடானாலும் சரி. அப்படித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சமுதாயத்தின் மானம் போய்விடும் என்று இதை மூடி மறைப்பவர், பிள்ளையின் மானத்தை எங்கே வைத்தார் என்று நான் கேட்கிறேன்.

எங்கள் பிள்ளையின் விவகாரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நோய்தான் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். மூளையில் ஸெரடோனின் என்னும் பொருளின் இயக்கத்தைச் சீராக்கும் மாத்திரை அது. பழக்கமாகி அடிமையாக்கும் மருந்து அன்று. ஆனால் உடனே வேலை செய்யாது. பல வாரங்கள் ஆகும். முதல் சில வாரங்களில் பிள்ளையிடம் பதற்றமோ சாவைப் பற்றிய பேச்சோ கூடுகிறதா என்று உடனிருந்து கவனித்து, கூடினால் உடனே வரச் சொன்னார். தாமாக நிறுத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். இரண்டாம் வாரத்திலேயே, "ஒண்ணும் குணமில்லை, நிறுத்திரவா ஹஜரத்?" என்று தாய் கேட்டார். நல்லவேளை, கேட்டுவிட்டுத்தான் நிறுத்த நினைத்தார். பிறகு ரமளான் வந்தது. நோன்பு வைக்க வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றான். மருத்துவரைக் கேட்டு, மாத்திரையை இஃப்தாருக்குப் பின் மாற்றிக்கொண்டோம். கேட்டால் வழி சொல்கிறார்கள்.

மருந்தைவிட எனக்கு வியப்பளித்தது பயிற்சிதான். உளவியலாளர் ஓர் அம்மையார்; சகோதர சமயத்தைச் சார்ந்தவர். "உங்கள் மார்க்கத்தில் கை கால் கழுவ எவ்வளவு தண்ணீர் போதும், ஐயா?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை கழுவுவது கடமை, மூன்று முறை சுன்னத்து, அதற்கு மேல் விரும்பத்தக்கதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இதைவிட நல்ல மருந்துச்சீட்டு நான் எழுத முடியாது" என்றார். அன்று மாலையே முக்கால் லிட்டர் கொள்ளும் குவளை ஒன்று வாங்கினோம்.

குவளை நீர் தீர்ந்தால் ஒளு முடிந்தது; எழுந்துவிட வேண்டும். ஐயம் எழும், எழட்டும். அச்சம் ஏறும், ஏறட்டும். மீண்டும் கழுவாமல் பொறுத்திருந்தால் அந்த அச்சம் தானாகவே இறங்கும் என்பதை உடலும் உள்ளமும் கற்க வேண்டும். அதுதான் பயிற்சி. சொல்வதற்கு எளிது! முதல் நாள் அவன் நடுங்கினான். தொழுதுவிட்டு, "என் தொழுகை கூடவில்லை" என்று தேம்பித் தேம்பி அழுதான். உறுதியாகத் தெரிந்த ஒன்றை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்ற ஃபிக்ஹுச் சட்டத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். ஒளு முடிந்த பின் எழும் ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஃபத்வா சொன்னேன். அவனுக்கு நிம்மதி.

ஒரு மணி நேரத்தில் மீண்டும் வந்து அதையே கேட்டான். சொன்னேன். லுஹருக்குப் பின் கேட்டான். அஸருக்குப் பின் கேட்டான். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல். உதவி செய்கிறேன் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது அம்மையாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். "ஐயா, அவன் இப்போது தண்ணீரை விட்டுவிட்டு உங்களிடம் கழுவிக்கொள்கிறான்" என்றார்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. பதிலுக்குப் பதில் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருப்பதும் நோய்க்கு இடும் தீனிதான். உம்மா கை கழுவினாரா என்று கேட்டால் ஒருமுறை சொல்லலாம். பத்து முறை சொன்னால் நோய்தான் வளரும். அன்று முதல் எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை. மார்க்கச் சட்டம் எதுவானாலும் ஒருமுறை கேட்கலாம். மறுமுறை அதையே கேட்டால், "இது நீ கேட்கும் கேள்வியா, நோய் கேட்கும் கேள்வியா?" என்று மட்டும் நான் கேட்பேன். விடை சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக விடை சொல்லியே பழகிய எனக்கு, விடை தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது பெரும் சோதனையாகத்தான் இருந்தது.

பெண்பிள்ளைகள்

ஆண்பிள்ளையின் கதையைச் சொன்னேன். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. இந்தக் கதை ஊருக்குள் மெல்லக் கசிந்த பின், நிஸ்வான் மதரஸாவில் ஓதும் ஒரு பெண்ணின் நன்னி, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு என் வீட்டாரிடம் வந்தார். பேத்தி மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தோழிகளுடன் பேசுவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள். மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "யாராவது பார்த்துட்டா நாளைக்கி யாரு பெண் எடுப்பா?" என்கிறார். சீக்கிரம் நிக்காஹ் முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று வேறு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிக்காஹ் என்ன மாத்திரையா? நோயுற்ற பெண்ணை முன்பின் அறியாத ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கே நோய் முற்றியதும் 'சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பழியோடு திருப்பி அழைத்துவருவதை எத்தனை ஊர்களில் பார்த்துவிட்டோம்! மருத்துவத் தகவல்களை வெளியிடக் கூடாது என்ற கடமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்கள் மீது சுமத்தியிருக்கிறது. அவர்கள் வெளியில் சொல்வதில்லை. சொல்பவர்கள் நாம்தாம். அந்தப் பெண்ணை என் வீட்டார் தாமே உடன் போய்ப் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். 'மாமியுடன் கண் மருத்துவமனைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வந்தாள். இந்தப் பொய்க்கு யார் பொறுப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அப்படியானால் ஏறக்குறைய மூவர். ஒருவனை மட்டுமே நான் அறிவேன். இப்போது வகுப்பில் நுழையும்போது மற்ற இருவர் யாராக இருக்கக்கூடும் என்று என் கண்கள் தேடுகின்றன. முன்பு கலகலப்பாக இருந்து இப்போது ஒதுங்கியிருப்பவனா? அடிக்கடி வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்பவனா? திடீரென்று எல்லாரிடமும் சண்டை பிடிப்பவனா? ஒருநாள் இருந்து மறைவது குணம். இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்து, படிப்பையும் உறக்கத்தையும் கெடுப்பது கவனிக்கப்பட வேண்டியது என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பெயர் சூட்டுவது என் வேலையுமன்று. உம்மாவை வரச் சொல்லிப் பேசுவது என் வேலை.

அந்தப் பிள்ளையின் செய்தி கேட்பீர்கள். வாப்பா சபரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கினார். தொடக்கத்தில், "என் குடும்பத்தில் இப்படி யாருக்கும் கிடையாது" என்று மருத்துவரிடமே வாதாடியவர், பிறகு மாதந்தோறும் தாமே பிள்ளையை அழைத்துப் போனார். போகிற வழியில் ஒருநாள், தம் உடன்பிறந்த காக்கா ஒருவர் கதவைப் பூட்டிவிட்டு ஏழு முறை இழுத்துப் பார்க்கும் கதையை அவராகவே சொன்னார்.

நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேர்வு நெருங்கினால் தலைதூக்குகிறது. பெருநாளைக்கு முன்னும் அப்படித்தான். ஆனால் கைகள் ஆறிவிட்டன. பதினொன்றாவது ஜுஸ்உ ஓதிக்கொண்டிருக்கிறான். குவளை இப்போது ஹவுளடியில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அவன் அதைத் தொடுவதில்லை, மற்றவர்களைப் போல் குழாயிலேயே ஒளுச் செய்கிறான். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அவன் என்னருகே வந்து வாயைத் திறந்தான். ஏதோ கேட்க வந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, ஹஜரத். நோய் கேக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முதல் வரிசைக்குப் போய்விட்டான்.